ரீலோட் கொப்பி

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் மைத்துனர் நடத்திவரும் கம்யூனிகேஷன் கடையில், கண்ணாடி மேசையின் மீது எந்நேரமும் ஒரு சீஆர் கொப்பி விரித்தபடி கிடக்கும். நூலில் கட்டிய பேனா ஒன்றும் அதனோடு கிடக்கும். ரீலோட் போட வருகிறவர்கள் தங்கள் தொலைபேசி இலக்கத்தையும் அதற்கு நேரே தொகையையும் அதில் எழுதுவார்கள். எழுதப் பழகாத முதிய பெண்கள், இலக்கம் குறித்த துண்டுக் கடதாசியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து நீட்ட, அதைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்வோம். 2015 ஆம் ஆண்டில் ஆசிரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், பிற்பகல் வேளைகளில் அங்கு அமர்ந்து மைத்துனருக்கு ஒத்தாசையாக இருப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தேனாகையால், அக்கொப்பிகள் பலவற்றில் என் கையெழுத்தும் உண்டு. நிறைந்த கொப்பிகளை அவர் எறிவதில்லை. கடன் கணக்கில் தகராறு வந்தால் பார்ப்பதற்கென்று பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றில் அடுக்கி வைப்பார்.

2022 ஆம் ஆண்டு முடியச் சில வாரங்கள் இருக்கையில், தொலைபேசிக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியான இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தபடி, "அண்ணன், ரேட் கூடினதுக்குப் பிறகு நம்ம கஸ்டமர்மார் யாராவது விட்டுட்டுப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். மைத்துனர் சற்று யோசித்துவிட்டு, "ஒருத்தரும் போகல தம்பி, அதே நம்பருகதான் வருது" என்றார். இளைஞர் அதைக் குறித்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். கேள்வி நேர்மையானது, விடையும் உண்மையானது. ஆயினும் அந்த உண்மைக்குள் ஏதோ ஒன்று அகப்படாமல் நழுவிப் போயிற்று என்ற எண்ணம் எனக்கு நீங்கவில்லை. அன்றிரவு பிஸ்கட் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து, இரண்டு வருஷத்துக் கொப்பிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் புரட்டினேன். அவற்றில் கண்டதைச் சொல்வதற்கு முன், எங்கள் மலையில் ஒரு சொல் வந்து சேர நாங்கள் என்ன விலை கொடுத்துவந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாதவருக்குக் கொப்பியின் கணக்கு விளங்காது.

நான் பிறந்து வளர்ந்தது பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வாசலில் நின்றால் நமுனுகுலை மலை தெரியும் ஒரு லயத்தில். அக்காலத்தில் வெளியுலகத்துச் செய்தி தப்பால்காரரின் பையில் வரும்; அதுவும் முதலில் ஆபீசுக்குப் போய், பிறகு கணக்கப்பிள்ளையின் கையால், காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். தொலைபேசி என்பது துரை பங்களாவிலும் ஆபீசிலும் இருந்த ஒரு கறுப்புப் பொருள். என் தகப்பனார் தம் ஆயுளில் ஒரேயொரு முறை தொலைபேசியில் பேசினார். கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடந்த என் அக்காவின் நிலையை விசாரிக்க, பதுளைத் தபாற் கந்தோருக்கு நடந்து வந்து, டிரங்க் கோலுக்குப் பதிந்து, மூன்று நிமிஷத்துக்குரிய காசைக் கட்டிவிட்டு, அரை நாள் பெஞ்சில் காத்திருந்தார். இணைப்புக் கிடைத்ததும் மறுபுறத்தில் என் சித்தப்பாவின் குரலைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்கு நா எழவில்லை. இரண்டு நிமிஷம் அவர் விம்மலிலே கழிந்தது, மூன்றாவது நிமிஷத்தில், "புள்ள சொகமா?" என்று மட்டும் கேட்டார், பதில் பாதியில் இருக்கும்போதே கோல் வெட்டுண்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் அந்தக் காசைக் குறித்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசத் தொடங்கும்போதே முடியும் நேரத்தை எண்ணுகிற வழக்கம் அன்றே எனக்குள் புகுந்துவிட்டதென்று நினைக்கிறேன்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. என் சின்னம்மா குடும்பத்தார் இந்தியப் பிரஜைகளாகப் பதியப்பட்டு, 'அழுகைக் கோச்சி' என்று எங்கள் ஜனங்கள் பெயரிட்ட ரயிலில் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்து, கடைசியில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். இங்கும் தேயிலை, அங்கும் தேயிலை, நடுவே கடல். பல வருஷங்களுக்கு எங்களுக்கு மத்தியில் நீல நிற விமானக் கடிதங்களே போய்வந்தன. பின்பு லயங்களின் தகரக் கூரைகளில் ஏரியல் கம்பியை நட்டு வைத்துப் பேசும் சீடிஎம்ஏ போன்கள் வந்தன. தெற்காசியாவிலேயே முதலாவதாக 3ஜி சேவை தொடங்கிய தேசம் இலங்கை என்று 2006 இல் பத்திரிகைகள் பெருமையுடன் எழுதின; அந்த அலை எங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவர இன்னும் பல வருஷங்கள் எடுத்தன என்றாலும், வந்து சேர்ந்த நாளில் சின்னம்மாவின் முகத்தை நாற்பது வருஷத்துக்குப் பின் ஒரு கண்ணாடித் தகட்டில் கண்டேன்.

சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவர், வாரந்தோறும் வட்ஸ்அப்பில் அழைப்பார். 2016 செப்டம்பர் 5 ஆம் தேதி இந்தியாவில் ஜியோ என்னும் கம்பெனி சேவையைத் தொடங்கி, மறு வருஷம் மார்ச் வரை கட்டணமின்றியே கொடுத்து, ஆறு மாதம் ஆகுமுன் 10 கோடிப் பேரைச் சேர்த்துக்கொண்டது. போட்டிக் கம்பெனிகளும் வேறு வழியின்றி விலையை இறக்கின. அதன் பிறகு எங்கள் சம்பாஷணையின் தன்மையே மாறிவிட்டது. அவர் போனைச் சமையலறை அலமாரியில் சாத்தி வைத்துவிட்டு, அங்குமிங்கும் நடந்தபடி, அடுப்பைப் பார்த்தபடி, பேரனைக் கண்டித்தபடி, பேசாமலும்கூட இருந்துகொண்டிருப்பார். நானோ நாற்காலி நுனியில் அமர்ந்து, எஞ்சியிருக்கும் எம்பியை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். "என்னண்ணே அவசரம்? இருங்க, காப்பி குடிச்சிட்டு வாரேன்" என்பார் அவர். இருவரும் ஒரே வேளையில் ஒரே உரையாடலில்தான் இருந்தோம். ஆனால் அவருக்கு அது வீட்டுத் திண்ணை, எனக்கு அது என் தகப்பனாரின் டிரங்க் கோல்.

நியாயமாகச் சொல்வதானால், எங்கள் பக்கத்திலும் விலை இறங்கிய சந்தர்ப்பம் உண்டு. இணையத் தரவுக்கு விதிக்கப்பட்டிருந்த 10 வீதத் தொலைத்தொடர்புத் தீர்வையை 2017 செப்டம்பரில் அரசாங்கம் நீக்கிற்று. அந்த மாதத்தில் கடைக் கொப்பி வழக்கத்துக்கு முன்பே நிறைந்துவிட்டதும், புதியதை வாங்க நானே கடைவீதிக்குப் போனதும் ஞாபகம் இருக்கிறது. பத்து ரூபாயின் பெறுமதி மனிதரை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதை நான் கண்கூடாகக் கண்டது அப்போதுதான்.

2020 மார்ச் நடுவில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதற்குப் பிந்திய இரண்டு வருஷங்களை நான் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். ஊரடங்கு தளர்ந்த நாளொன்றில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த மாணவியும் அப்போது கொழுந்து பறிக்கும் தொழிலாளியுமான ஒரு தாய், தன் மகளை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சீட்டுக் காசை எடுத்து ஒரு போன் வாங்கியிருந்தாள். "சார், இதுல இஸ்கூல் வருமாமே, அத வர வச்சுக் குடுங்க" என்றாள். மகள் பத்தாம் வகுப்பு; கெட்டிக்காரி என்பது கண்ணிலேயே தெரிந்தது. இரட்டை ஏழில் முடியும் அவர்களுடைய இலக்கத்தைக் கொப்பியில் முதன்முதலாக எழுதியவள் அந்தப் பெண்தான். அச்சுப் போன்ற எழுத்து.

ஒரு மணி நேர ஸூம் வகுப்பு அரை ஜீபியை விழுங்கிவிடும். நாளைக்கு மூன்று வகுப்பு, வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட்டால், தாயின் நாட்சம்பளத்தில் எத்தனை பேர், அதாவது எத்தனை நாட்கூலி, அதற்கே போகும் என்பதை அந்தப் பெண் என் முன்னாலேயே விரல் விட்டு எண்ணினாள். பின்பு ஆசிரியர்களும் நிலைமையை உணர்ந்து, வகுப்பைக் குறைத்து, கரும்பலகையைப் படமெடுத்தும் குரலைப் பதிந்தும் வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். காசிருந்தும் சிக்னல் இல்லாதவர்களின் கதை வேறு. 2021 இல் எங்கள் ஊவாவின் பொஹிட்டியாவ என்னும் கிராமத்தில், ஓர் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே நடந்து பாறை ஒன்றின் மீதேறிப் பாடம் இறக்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வெளிவந்தது. படத்தைப் பார்த்து வியந்தவர்கள் பலர். தேயிலை மலையின் உச்சியில், மழைக்குப் படங்கைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் குந்தியிருந்த காட்சி எங்களுக்கு அன்றாடம்.

அந்தப் பெண் ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தாள். அக்காலத்துப் பெக்கேஜுகளில் பகலுக்கு ஓர் அளவும், நள்ளிரவுக்குப் பின் விடியும் வரைக்கும் வேறோர் அளவும் உண்டு. இரவுக்குரியதே தாராளமாக இருக்கும். பட்டணத்துப் பிள்ளைகள் அதற்காகத் தூக்கம் விழித்தார்கள். இவளுக்கு விழிக்க வேண்டிய தேவையே இல்லை. தாய் நாலு மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, பிரட்டுக்குப் போக ஆயத்தமாகிறவள்; தாயோடு மகளும் எழுந்து, அடுப்பு வெளிச்சத்தில் அமர்ந்து, முந்தின நாட்பாடங்களையும் பழைய வினாத்தாள்களையும் இறக்கிக்கொள்வாள். பகலில் அவற்றைப் படிப்பாள். "அம்மா ரொட்டி சுட்டு முடிக்க எனக்கு ரெண்டு பாடம் எறங்கிரும் சார்" என்று ஒரு நாள் சொன்னாள். முப்பது வருஷ ஆசிரியத் தொழிலில் எத்தனையோ மாணவரைக் கண்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இணையான குருதட்சணையை நான் பெற்றதில்லை, அவள் என் வகுப்பில் ஒரு நாளும் அமர்ந்தவளல்ல என்ற போதிலும்.

பிறகு 2022 வந்தது. மார்ச்சில் ரூபாயைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டபோது, டவர்களின் பற்றரிகளும் இறந்து, கையில் டேட்டா இருந்தும் போன் வெறும் கைவிளக்காயிற்று. முந்தின வருஷத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததன் பலனும் அப்போதுதான் செடியில் தெரிந்தது. 2021 இல் 30 கோடி கிலோவை நெருங்கியிருந்த தேசத்தின் தேயிலை, 2022 இல் 25 கோடி அளவுக்கு இறங்கிற்று. கொழுந்தில்லையென்றால் வேலை நாள் இல்லை. றாத்தல் குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் 1000 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளம் அப்படியே நின்றது. ஆகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தால் ஏறிற்று. 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயாயிற்று. பெறுமதி சேர் வரி ஜூனில் 8 இலிருந்து 12 வீதமாகவும், செப்டம்பர் 1 ஆம் தேதி 15 வீதமாகவும் உயர்ந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு, செப்டம்பர் 5 ஆம் தேதி முதல் தொலைபேசி, புரோட்பேண்ட் கட்டணங்கள் 20 வீதத்தால் கூட்டப்பட்டன. கூடலூர்த் தம்பிக்கு இலவச டேட்டா கிடைத்த அதே தேதி, ஆறு வருஷத்துக்குப் பின். ஊவாவில் அது வரட்சிக் காற்றடிக்கும் பருவம். தேயிலைக்கு மணம் மிகும், கொழுந்து அருகும்.

கம்பெனிகளுக்கும் டொலரில் கடன் இருந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கட்டணத்தைக் கூட்டியது துரோகம் என்று கூறுவது என் நோக்கமுமல்ல. கூட்டியதன் பின் என்ன நடந்தது என்று கேட்டவர், ஆட்கள் போனார்களா என்று மாத்திரம் கேட்டார் என்பதே என் மனக்குறை.

கொப்பியில் கண்டதைச் சொல்கிறேன். மைத்துனர் கூறியது போல இலக்கங்கள் அதே இலக்கங்கள்தாம். அவற்றுக்கு நேரே இருந்த தொகைகள்தாம் வேறு. 2021 இல் வாரந்தோறும் 200 என்று எழுதப்பட்ட இடத்தில், 2022 ஜூலையில் 100. செப்டம்பருக்குப் பின் 50. வாரந்தோறும் வந்த இலக்கம் பத்து நாளைக்கு ஒரு முறை வந்தது. பின்பு சம்பள நாளான பத்தாந்தேதியை ஒட்டி மட்டும் வந்தது. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழி இருந்தது: அவர்கள் இரண்டு மூன்று சிம் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி எந்த வாரம் சலுகை கொடுக்கிறதோ அதற்குத் தாவினார்கள், பழைய இலக்கத்தை வரும் அழைப்புக்கென்று உயிரோடு வைத்துக்கொண்டார்கள். படிவத்தில் அவர்களும் போகாதவர்களே. தோட்டத்தில் அதுவும் சாத்தியமில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு கம்பெனியின் டவருக்குத்தான் சிக்னல். மற்றச் சிம்மைப் போட்டால் போனில் கோடே எழும்பாது. டவர் இருந்த இடத்தில்கூட, இலக்கத்தை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி, இந்தியாவில் 2011 இலேயே வந்துவிட்ட அந்த வசதி, எங்களிடம் அன்று கிடையாது. பாடசாலைப் பதிவேட்டிலும், தோட்டத்து ஆபீசிலும், வங்கியிலும், கட்டாரில் இருக்கும் மகனின் போனிலும் பதிந்துபோன இலக்கத்தை ஒரு கொழுந்துக்காரி எப்படிக் கைவிடுவாள்? விலகிப் போவதென்றால் போய் நிற்க இன்னோர் இடம் வேண்டும்.

அந்தரங்கமாகச் சொன்னால், நான் தேடியது இரட்டை ஏழில் முடியும் இலக்கத்தை. 2022 மே மாதத்தில், பஸ்ஸுக்கு டீசல் இல்லாத நாட்களில், அந்தப் பெண் நடந்துபோய்ச் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். ஆண்டு முடிவில் வந்த பெறுபேறு நன்றாகவே இருந்தது. உயர்தரத்தில் வர்த்தகம் படிக்க விரும்பினாள். அதற்குத் தேவையான ஆசிரியர் பட்டணத்தில் இருந்தார். பஸ் கட்டணம் தாங்காது என்பதால் ஸூம் வகுப்புக்குப் பணம் கட்டினாள். கொப்பியில் அவளுடைய எழுத்தைத் தொடர்ந்து பார்த்தேன். 200. 100. 100. 50. பிறகு தாயின் துண்டுக் கடதாசியைப் பார்த்து நான் எழுதிய 50. பெட்டிக்குள் அதற்குப் பிந்திய கொப்பி இல்லை. மறு வருஷத்துக் கொப்பியிலும் மாதம் ஒரு முறை அதே 50, என் கையெழுத்திலேயே. கம்பெனியின் கணக்கில் அந்த இலக்கம் ஒரு நாளும் விலகவில்லை. அந்தப் பெண் விலகியிருந்தாள். முதலில் காலை வகுப்பை விட்டாள், பிறகு வாரத்தில் ஒரு வகுப்பு, பிறகு வினாத்தாள் இறக்குவதை விட்டாள். 2023 இன் நடுவில் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று தாய் சொன்னபோது, நான் ரசீது எழுதுவது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். டேட்டா மட்டுமே காரணமென்று சொன்னால் அது பொய். மாவும் மண்ணெண்ணெயும் காரணம், தம்பியின் படிப்பும் காரணம். ஆனால் படிகளில் இறங்கிப்போகிறவரின் முதற்படி எது என்பதைக் கொப்பி காட்டிற்று. அந்த வேளையில் யாரேனும் கவனித்திருந்தால், கொப்பியை எழுதிக்கொண்டிருந்த நானே கவனித்திருந்தால், என்ற நினைவு இன்றும் என்னை வருத்துகிறது.

2024 ஜூலையில் இந்தியாவிலும் தனியார் கம்பெனிகள் கட்டணத்தைக் கூட்டின. அம்மாதத்தில் மட்டும் அரசாங்கத்தின் பிஎஸ்என்எல்லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். கூடலூர்த் தம்பியும் அவர்களில் ஒருவர். "அதே நம்பர்தாண்ணே, கம்பெனியத்தான் மாத்திட்டேன்" என்றார். அவர் பகுதியில் பிஎஸ்என்எல் சிக்னல் அவ்வளவு நன்றாக இல்லை. சம்பாஷணை நடுவில் அவருடைய முகம் உறைந்து நின்றது. பல வருஷத்துக்குப் பின் முதன்முறையாக அவரும் என்னைப் போல அவசரமாகப் பேசினார்.

அதே வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் அந்தத் தாய் கடைக்கு வந்தாள். நாட்சம்பளம் செப்டம்பரில் 1350 ரூபாயாக்கப்பட்டிருந்தது. வழக்கம்போல் நான் கொப்பியை இழுத்துப் பேனாவை எடுத்தேன்.

"ரீலோட் போட வரல சார். இப்பல்லாம் புள்ளயே அங்கேருந்து போட்டு விட்டுருது."

"அப்ப என்னம்மா வேணும்?"

"இதுல அலாரம் வச்சுக் குடுங்க. மூணரைக்கு."

"நாலு மணிக்கு எந்திரிக்கிறவதானே நீ?"

"அவளுக்கு நைட் ஷிப்டு சார். மூணரைக்குத்தான் தேத்தண்ணிக்கு விடுவாங்களாம். அந்நேரத்து டேட்டா நெறைய கெடக்காம், மொகத்தப் பாத்துப் பேசலாமுன்னு சொன்னிச்சு."

போனை வாங்கினேன். திரையின் ஓரத்தில் விரிசல். 2020 இல் சீட்டுக் காசில் வாங்கிய அதே போன். எழுந்து முகம் கழுவ நேரம் வேண்டுமே என்று, மூன்று இருபத்தைந்துக்கு வைத்துக் கொடுத்தேன்.